பேசாதவருக்கும் ஒரு பொறுப்பு

ஆகஸ்ட் 4

கல்லூரிகளில் துறை மன்றங்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட அணிகளுக்கும் மாணவப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பருவம் இது. மைக் பிடித்துக் கணீரென்று பேசுபவர் பக்கமே கைகள் உயர்கின்றன. கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருக்கும் மாணவரைக் கூச்சத்தைக் காரணம் காட்டி ஒதுக்குவது அந்த மன்றத்துக்கே இழப்பு என்று உறுதியாக நம்புகிறேன். இதற்கு ஓர் உதாரணம் காந்தி. 1888 முதல் 1891 வரை லண்டனில் சட்டம் படித்த அவர், அங்கே சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். கூட்டங்களுக்குத் தவறாமல் போனார். பேச மட்டும் நா எழவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்த டாக்டர் அலின்சனை நீக்கவேண்டும் என்று சங்கத் தலைவர் ஹில்ஸ் முனைந்தார். ஒழுக்கம் பற்றிய ஹில்ஸின் கருத்தில் காந்திக்கும் உடன்பாடுதான். ஆனாலும் சைவ உணவைப் பரப்பும் சங்கம் வேறொரு கருத்துக்காக ஒருவரை வெளியேற்றுவது முறையில்லை என்று எண்ணினார். எண்ணியதை எழுதிக்கொண்டு போனார். வாசிக்கத் துணிவு வராததால் இன்னொருவர் வாசித்தார். அலின்சன் தோற்றார்.

காந்தியே எழுந்து வாதாடியிருந்தால் முடிவு மாறியிருக்காதா என்று கேட்பார்கள். மாறியிருக்கலாம், குரல் இல்லாததற்கு ஒரு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தனக்கு ஒவ்வாத கருத்தை உடையவருக்காக, செல்வாக்குள்ள தலைவரை எதிர்த்து நிற்கும் நெஞ்சுரம் அந்த மாணவரிடம் அப்போதே இருந்தது. பேச்சைப் பழகிக்கொள்ளலாம். இந்த உரத்தை எந்தப் பேச்சுப் போட்டியும் கற்றுத்தராது.

ஆகஸ்ட் 5

காந்திக்குக் குரல் எப்போது வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் நேர்மை பற்றிப் பேசினார். ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தானே சொல்லித் தருவதாகவும் சொன்னார். முன்வந்த மூவரில் ஒருவர் முடி திருத்துபவர், ஒருவர் குமாஸ்தா, ஒருவர் சிறு கடைக்காரர். அவர்கள் வைத்த நிபந்தனைப்படி அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கற்பித்தார். மறு ஆண்டு நேட்டாலில், இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதாவுக்கு எதிராகப் பிரிட்டனின் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ரிப்பன் பிரபுவுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் சுமார் 10,000 பேர் கையெழுத்திட்டார்கள். விண்ணப்பத்தில் இருப்பதை முழுதும் புரிந்துகொள்ளாத ஒருவரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது தொண்டர்களுக்கு இருந்த கட்டுப்பாடு. நேட்டால் இந்திய காங்கிரஸ் தொடங்கியபோது அவர் ஏற்றது செயலாளர் பொறுப்பு: சந்தா வசூலிப்பது, ரசீது கொடுப்பது, கணக்கைத் துல்லியமாக வைப்பது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுவதும், சொன்னதைக் குறித்து வைப்பதும் அமைதியான சுபாவத்துக்குக் கைவந்த வேலைகள். அவற்றைச் செய்யச் செய்ய, அவையில் சொல்வதற்கு விஷயமும் சேர்ந்தது, சொல்லியே ஆகவேண்டிய கடமையும் சேர்ந்தது.

ஆகஸ்ட் 6

காந்தி விதிவிலக்கு, அவரைக் காட்டி எல்லா மாணவரையும் அளக்கலாமா என்ற தடை வலுவானது. அதற்கு உளவியலாளர் ஆடம் கிராண்டும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வைத் துணைக்கு அழைக்கிறேன். அமெரிக்க பீட்சா கடைகளை ஆராய்ந்தபோது, ஊழியர்கள் தாமாகவே யோசனை சொல்லும் கடைகளில் கலகலப்புக் குறைந்த மேலாளர்களின் கீழ் லாபம் கூடுதலாக இருந்தது. ஊழியர்கள் சொன்னதை மட்டும் செய்யும் கடைகளில் கலகலப்பானவர்களே முந்தினார்கள். ஆக, அமைதி எங்கும் வெல்லும் என்று நான் வாதாட முடியாது. பீட்சா கடை கல்லூரியும் ஆகாது. ஆனால் மாணவர் மன்றம் என்பது ஆளுக்கு ஒரு யோசனையோடு வரும் இளைஞர் கூட்டம். அதற்கு, யோசனைகளைக் கேட்டுக்கொள்ளும் தலைமை பொருந்தும் என்று கருத இடமிருக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல், காந்தி நூற்றாண்டில் பிறந்தது. அதன் சிறப்பு முகாமில் அரிசி, காய்கறிக் கணக்கு முதல் ஊர்ப் பெரியவர்களைப் பார்ப்பது வரை எத்தனையோ பொறுப்புகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை, கூச்சப்படும் மாணவரிடம் கேட்டு, அவர் இசைவோடு முழுமையாக ஒப்படைக்கலாம். செயற்குழுவில் கருத்தை எழுதித் தரவும் இடம் கொடுக்கலாம். முகாம் முடிந்ததும் வரவு செலவை அவரே அவையில் வாசிக்கட்டும். குரல் நடுங்கினாலும், எழும் கேள்விகளுக்கு அவரிடம் விடை இருக்கும்.