காது ரப்பரும் கடைசி பெஞ்சும்



பதினைந்து நாளாகப் பதிவு எதையும் காணோமே, சாருக்கு உடம்பு சரியில்லையா என்று நாலைந்து பேர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு ரப்பர் தேடி அலைந்துகொண்டிருந்தேன். சிரிக்க வேண்டாம். சுண்டுவிரல் நகம் அளவு ரப்பர். அதைத் தேடப் போய், முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பாக்கியும் நினைவுக்கு வந்துவிட்டது. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

பொங்கலுக்கு வந்திருந்த மகள், ஒயர் இல்லாத இயர்பட்ஸ் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறினாள். "காலையில வாக்கிங் போறப்ப பாட்டுக் கேளுங்கப்பா. பேரன்கிட்ட பேசறதுக்கும் ஆச்சு" என்றாள். எனக்கும் ஆசைதான். பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவில் போன் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே வந்து போனவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக்கூடம். விடிந்ததும் கடக் கடக் என்று ஆரம்பித்துவிடும்.

வலது காதில் மாட்டியது பிசகாமல் நின்றது. இடது காதில் மாட்டியது பத்து எட்டுக்கு ஒரு தரம் நழுவியது. மூன்றாம் நாள் கழன்று விழுந்து உருண்டு, சாக்கடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பாட்டும் சரியாக இல்லை. தபேலா கேட்காமல் தாளம் மட்டும் சல் சல் என்று கேட்டது. நான் என்ன செய்தேன்? சத்தத்தை ஏற்றினேன். அப்புறமும் ஏற்றினேன். கடைசியில் முழுச் சத்தத்தில் வைத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள்: "அப்பா, எதுக்கு இப்படிக் கத்தறீங்க? அப்பாரு மாதிரியே கத்தறீங்க."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அவளுடைய அப்பாரு, அதாவது என் அப்பா, நாற்பது வருடம் தறி ஓட்டியவர். ஐம்பது வயதுக்குள் காது போய்விட்டது. எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதே கிடையாது. சோறு வேண்டுமா என்று கேட்பதும் சண்டை போடுவதும் ஒரே குரலில்தான். கடைசிக் காலத்தில் அவர் கேட்பதையே நிறுத்திவிட்டார். நாம் சொல்வது புரியாவிட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவார். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

பேரனிடம் மெதுவாக விசயத்தைச் சொன்னேன். "அப்புச்சி, டப்பாவுலயே இன்னும் ரெண்டு ஜோடி ரப்பர் இருக்குமே, அதை மாத்திப் பாத்தீங்களா?" என்றான். டப்பாவா? அதை வீட்டம்மா பழைய பேப்பர்காரரிடம் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

பக்கத்துக் கடையில் கேட்டேன். "எல்லாம் ஒரே சைஸ்தானுங்க" என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்கள். 30 ரூபாய். மாட்டியதும் காதில் நன்றாகத்தான் நின்றது. சாயங்காலம் கழற்றியபோது இயர்பட்ஸ் கையோடு வந்துவிட்டது, ரப்பர் மட்டும் காதுக்குள்ளேயே தங்கிவிட்டது. வீட்டம்மா ஹேர்பின்னோடு வந்து நின்றாள். நல்லவேளை, அந்த நேரத்தில் எனக்கு வாத்தியார் புத்தி வேலை செய்தது. ஆற்றைத் தாண்டி ஈரோட்டுக்குப் போய் ஒரு காது மருத்துவரிடம் தலையைக் கொடுத்தேன். சின்ன இடுக்கியால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டார். "ஹேர்பின் விடாம வந்தீங்களே சார், அதுக்கே நூத்துக்கு நூறு போடணும்" என்றார்.

வந்ததுதான் வந்தோம் என்று செவித்திறன் சோதனையும் செய்யச் சொன்னேன். சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பரீட்சை வைத்தே பழகியவனுக்கு அன்று பரீட்சை எழுதும் பயம். முடிவில் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். தாழ்ந்த சுருதிப் பக்கம் கோடு ஒழுங்காகப் போகிறது. உயர்ந்த சுருதிப் பக்கம், 4000 ஹெர்ட்ஸ் அருகே, பள்ளத்தில் இறங்குகிறது. இடது காதில் பள்ளம் கொஞ்சம் கூடுதல். வயதும் காரணம், வளர்ந்த இடத்துத் தறிச் சத்தமும் காரணமாக இருக்கலாம் என்றார். இரைச்சலால் வரும் பாதிப்பு பெரும்பாலும் அந்த 4000 பக்கத்தில்தான் தொடங்குமாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

அவர் விளக்கியதை என் பாசையில் சொல்கிறேன். பேச்சில் உயிரெழுத்துக்களின் பலம் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. க், ச், த், ப் போன்ற மெய்யெழுத்துக்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் உயர்ந்த சுருதி. அந்தப் பக்கம் பள்ளம் விழுந்தவருக்கு ஆள் பேசுவது கேட்கும், வார்த்தை புரியாது. கல்லா, பல்லா என்று தெரியாது. "கேட்குதா?" என்றால் "கேட்குது" என்பார். பொய் இல்லை. கேட்கத்தான் செய்கிறது.

சரி, ரப்பருக்கு வருவோம். பிரச்சினையில் பாதி காது, பாதி ரப்பர் என்று தெரிந்துபோனது. சேலம் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் நம் பழைய மாணவன் ஒருவன் செல்போன் உதிரிப் பொருள் கடை வைத்திருக்கிறான். கையில் வெர்னியர் காலிப்பரோடு போய் இறங்கினேன். பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "சார், ஜீரோ எரர் சொல்லலைன்னு பிராக்டிகல்ல எனக்கு ரெண்டு மார்க் குறைச்சது இதே காலிப்பர்தானுங்களா?" என்றான். அவன் அன்று எனக்குப் பாடம் எடுத்தான். நான் குறித்துக்கொண்டது இது:

1. முதலில் அளக்க வேண்டியது காதை அல்ல, இயர்பட்ஸில் ரப்பர் மாட்டும் குழாயை. பெரும்பாலும் அது 4 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருக்கும். என்னுடையது 4.5. நான் வாங்கிய 30 ரூபாய் ரப்பரின் துளை அதைவிடப் பெரிது. அதனால்தான் காதுக்குள் கழன்றது. மாட்டிய பிறகு இழுத்துப் பாருங்கள். லேசாக இழுத்ததும் வந்துவிட்டால் அதைக் காதில் வைக்கவே கூடாது.

2. குழாய் வட்டமா, நீள்வட்டமா என்று பாருங்கள். ஏர்பாட்ஸ் புரோ போன்ற சிலவற்றில் ரப்பர் தனி மாதிரியாகக் கிளிப் போலப் பூட்டிக்கொள்ளும். அதற்கென்று உள்ளதுதான் சேரும்.

3. உயரமான ரப்பர் போட்டால் சார்ஜ் டப்பா மூடாது, மூடினாலும் சார்ஜ் ஏறாமல் போகலாம். கடையிலேயே வைத்து மூடிப் பாருங்கள்.

4. கழன்று விழுந்தால் பெரிய சைஸ் வேண்டும் என்றுதான் நினைத்தேன். பெரியதைப் போட்டேன், பத்து நிமிடத்தில் வலி. சின்னதைப் போட்டதும் உள்ளே போய்ப் பாந்தமாக உட்கார்ந்துகொண்டது. காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், நேராக இருக்காது, வளைந்து போகும். முதல் வளைவைத் தாண்டாத ரப்பரை, நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைந்து வெளியே தள்ளிவிடும். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இப்போது எனக்கு வலதில் நடுத்தரம், இடதில் சின்னது.

5. மாட்டும்போது மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடித்தால் வளைவு நிமிரும். மாட்டிய பிறகு கொஞ்சம் திருகி உட்கார வையுங்கள். பாட்டில் தாழ்ந்த சுருதி, அதாவது தபேலா, மத்தளம், நன்றாகக் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். இடைவெளி இருந்தால் முதலில் தப்பித்துப் போவது அந்தச் சத்தம்தான். பஞ்சரான டியூபை ஒட்டாமல் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்த கதைதான் என் கதை.

6. நுரை ரப்பரும் உண்டு. மெத்தையில் போடுகிறார்களே மெமரி ஃபோம், அந்த வகை. 1966-இல் நாசாவுக்காக விமான இருக்கைக்குக் கண்டுபிடித்த பொருள், இப்போது காதுக்குள் வந்துவிட்டது. விரலால் உருட்டிச் சுருக்கி, காதில் வைத்து, அரை நிமிடம் பிடித்துக்கொண்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும். நன்றாக நிற்கும். ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்வையைக் குடித்துச் சீக்கிரம் கெட்டுவிடும், அடிக்கடி மாற்ற வேண்டும். சிலிக்கான் என்றால் கழற்றி, தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி மாட்டிக்கொள்ளலாம். நான் சிலிக்கானே போதும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று சைஸிலும் ஒவ்வொரு ஜோடி, மொத்தம் 120 ரூபாய். காசு வாங்க மாட்டேன் என்றான். "வாத்தியாருக்குக் கடன் வைக்காதே கண்ணு" என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

முழுச் சத்தத்தில் கேட்டவன் இப்போது பாதிக்கும் கீழே வைத்துக் கேட்கிறேன். வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் உள்ளே சத்தத்தை ஏற்ற வேண்டியதில்லை. இது சின்ன விசயம் இல்லை கண்ணுகளா. உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் ஏறியதும் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. தறிக்கூடத்துக்குள் 90-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். என் அப்பா அதில் நாற்பது வருடம் நின்றார்.

இனி அந்தப் பாக்கி.

1990-களில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன். ராத்திரியில் தறியில் அப்பா அம்மாவுக்குத் துணையாகத் தார் சுற்றிக் கொடுத்துவிட்டு வருவான். வகுப்பில் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான், கேள்வி கேட்டால் முழிப்பான். ஒருநாள் ஒளி எதிரொளிப்பு பற்றிக் கேட்டேன். அவன் எழுந்து ஒலியின் எதிரொலி பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். வகுப்பே சிரித்தது. என்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து, அந்தப் பாடம் முடியும்வரை வெளியே நிற்க வைத்தேன். ஒரு நாளா, ஒரு வாரம். அவனுக்குப் புரியவில்லை என்று தெரிந்தபோதெல்லாம் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். குரலை உயர்த்தினேன்.

அவனுக்குக் காதில்தான் குறை என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. காது கேளாத அப்பாவோடு ஒரே வீட்டில் வளர்ந்த எனக்கே அது தோன்றவில்லை. முன் பெஞ்சுக்கு வா என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கலாம். பைசா செலவில்லாத வைத்தியம் அது. செய்யவில்லை.

தம்பி, இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், அன்றைக்கு நான் செய்தது தப்பு. மன்னித்துக்கொள். காதை ஒருமுறை சோதித்துக்கொள். செலவு என்னுடையது. அவனுடைய வகுப்புத் தோழர்கள் தயவுசெய்து கமெண்டில் பெயர் போட வேண்டாம். எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் என் எண்ணை மட்டும் அவனிடம் கொடுங்கள்.

தறி ஓட்டும் மாணவர்களுக்கு ஒன்று. மருந்துக் கடையில் நுரைக் காதடைப்பான் கிடைக்கும், விலை சொற்பம். மேலே சொன்ன அதே முறைதான்: உருட்டு, மடலை இழு, உள்ளே வை, அரை நிமிடம் பிடி. சும்மா வாசலில் சொருகி வைத்தால் பலன் இல்லை. கூடத்தில் பையன்கள் யாராவது "ஏனுங்க, என்னங்க" என்று இரண்டு தரம் கேட்க ஆரம்பித்தால் திட்டாதீர்கள், காது டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

லாரிக்கார மாணவர்களுக்கும் ரோட்டில் நடப்பவர்களுக்கும் இன்னொன்று. நன்றாகப் பொருந்திய ரப்பர், பின்னால் வரும் ஹாரனையும் மறைத்துவிடும். ரோட்டில் நான் ஒரு காதில் மட்டும்தான் மாட்டுகிறேன்.

நேற்று மகள் கூப்பிட்டாள். "அப்பா, இன்னிக்கு நீங்க கத்தலை" என்றாள். "நீயும் கத்தாதே கண்ணு. மெதுவா, நிறுத்தி நிறுத்திப் பேசு, அது போதும்" என்றேன். பேரன் புதிதாகப் படித்த திருக்குறள் ஒன்றை ஒப்பித்தான். இரண்டு இடத்தில் வார்த்தை புரியவில்லை. தலையாட்டவில்லை. "இன்னொருக்கா சொல்லு சாமி" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்