கிரவுனிலிருந்து முன்னோக்கி: நாமக்கல் கியர்பாக்ஸ் பட்டறைகள்

1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல்லில் லாரித் தொழில் என்பது ஒற்றைத் தொழில் அன்று. கூண்டு கட்டுவோர், ஸ்பிரிங் பட்டை அடிப்போர், லேத் வைத்திருப்போர், டயருக்கு ரீட்ரெட் ஒட்டுவோர், வயரிங் செய்வோர் எனத் தனித்தனிப் பட்டறைகள் ஒரே சாலையோரத்தில் ஒன்றையொன்று நம்பிப் பிழைக்கும் கூட்டுத் தொழில் அது. நாமக்கல்லின் எரிவாயு டேங்கர்களும், திருச்செங்கோட்டின் ஆழ்துளை ரிக்குகளும், சங்ககிரியின் சரக்கு லாரிகளும் இவ்வட்டாரத்தின் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றிருக்கின்றன. கூண்டு கட்டுவோரின் வேலை வண்ணத்திலும் எழுத்திலும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. வண்டிக்கு அடியில், கிரீசும் மண்ணும் படிந்த இடத்தில் செய்யப்படும் கியர்பாக்ஸ் வேலைக்கு அந்தப் பெருமை வாய்ப்பதில்லை.

கியர்பாக்ஸைப் பழுதுபார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. பழைய ஐந்து கியர் பெட்டியை எடுத்துவிட்டு ஆறு கியர் பெட்டியை ஏற்றவோ, சரக்கு லாரியாக இருந்ததைத் தண்ணீர் வண்டியாகவோ டிப்பராகவோ மாற்றும்போது அதற்கேற்ற பெட்டியைத் தேடவோ உரிமையாளர் வரும்போதுதான் தேர்வு என்ற பேச்சே எழுகிறது. அப்போது மேஸ்திரி முதலில் கேட்பது பெட்டியைப் பற்றி அன்று. “கிரவுன் என்ன போட்டிருக்குதுங்க?” என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. பின் அச்சின் நடுவே, ஹவுசிங்குக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன். அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம் பினியன். கிரவுனில் 41 பல்லும் பினியனில் 7 பல்லும் இருந்தால், பினியன் ஏறத்தாழ 5.86 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். பினியனில் 6 பல் என்றால் 6.83 முறை சுற்ற வேண்டும். ஒரே ஒரு பல்லின் வேறுபாடு வண்டியின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

சுமையேற்றிய லாரியின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர் நகர்கிறது என்று கொண்டால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 312 முறை சுற்றும். 41க்கு 7 கிரவுனோடு, என்ஜின் சுற்றும் பெட்டியின் வெளிச்சுற்றும் சமமாக இருக்கும் நேர் டாப் கியரில், என்ஜின் 1,830 சுற்று சுற்ற வேண்டியிருக்கும். ஓவர்டிரைவ் எனப்படும், என்ஜினைவிட வெளித்தண்டு வேகமாகச் சுற்றும் கியர் 0.8 விகிதத்தில் இருந்தால் அது 1,460 சுற்றாகக் குறைகிறது. டீசல் மிச்சம் என்று உரிமையாளர் சொல்வதெல்லாம் இந்த இடைவெளியைத்தான். ஆனால் 41க்கு 6 கிரவுன் உள்ள வண்டியில் அதே ஓவர்டிரைவைப் போட்டாலும் என்ஜின் 1,700 சுற்றுக்கு மேல்தான் நிற்கும். பெட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதிப் பயன் ஹவுசிங்கிலேயே கரைந்துவிடும். எனவேதான் தேர்ந்த மேஸ்திரி பின்னச்சில் தொடங்கி முன்னோக்கிக் கணக்கிட்டு வருகிறார். கணக்கு தாளில் எழுதப்படுவதில்லை என்றாலும் அது கணக்குதான்.

இதைவிட நுட்பமான கண்ணி முதல் கியரில் இருக்கிறது. டிப்பரிலிருந்து கழற்றிய பெட்டியின் முதல் கியர், மண்மேட்டில் ஊர்ந்து ஏறுவதற்காக, என்ஜின் ஒன்பது முறை சுற்ற வெளித்தண்டு ஒருமுறை சுற்றும்படி அமைந்திருக்கலாம். ஆறுக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய லாரியில் அதை ஏற்றினால், பின்னால் போய்ச் சேரும் முறுக்கு விசை ஒன்றரை மடங்காகிறது. பெட்டி தாங்கும்; ஆனால் பின்னால் செல்லும் தண்டின் கிராஸ் ஜாயிண்டும் ஆக்சில் தண்டும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. முறிவது எப்போதும் வலுக்குறைந்த இடம் என்பதால், பெட்டியை மாற்றியவர் தப்பித்துக்கொள்ள, பழி ஆக்சில் விற்றவர்மேல் விழுவதும் உண்டு.

பழைய பெட்டியை மதிப்பிடும் முறை அருகிருந்து பார்க்கத் தக்கது. அடியிலுள்ள வடிகுழாய்த் திருகைக் கழற்றி எண்ணெயை வடித்ததும், மேஸ்திரி அதில் சிறிது எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே தேய்த்து வெளிச்சத்தில் காட்டுகிறார். மஞ்சள் மினுக்கு தெரிந்தால் சிங்க்ரோ வளையம் தேய்கிறது என்று பொருள்; பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமின்றிக் கியர் விழச் செய்யும் பித்தளை வளையம் அது. வெள்ளைச் சில்லுகள் கைக்குத் தட்டுப்பட்டால் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. கிரவுன், பினியனைப் பூட்டும்போது பற்களில் நீல மை தடவிச் சுழற்றி, மை அழிந்த தடம் பல்லின் நடுவே விழுகிறதா, ஓரத்துக்கு ஒதுங்குகிறதா என்று பார்த்துத் தகட்டு ஷிம்களைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்கிறார்கள். சிறுவயதில் டீசலில் பாகம் கழுவத் தொடங்கியவர்களே இன்று மேஸ்திரிகளாக இருக்கிறார்கள். இந்தத் தடத்தைப் படிக்கும் கண் அப்படிக் கழுவிக் கழுவி வந்ததுதான்.

பெட்டி பொருந்துவதிலும் படிகள் உண்டு. என்ஜினோடு சேரும் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள், ஃப்ளைவீல் நடுவிலுள்ள சிறு பேரிங்கில் உட்காரும் முன்தண்டின் நீளம், கிளட்ச் பிளேட்டின் உட்பல் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். புதுப்பெட்டி நீளமானால் பின்னால் செல்லும் புரொப்பலர் தண்டை லேத்தில் வெட்டிக் குறுக்கி, மீண்டும் பற்றவைத்து, சுழல்சமன் பார்க்க வேண்டும். இதைச் சோம்பலால் விட்ட வண்டி சில வாரங்களில் சென்டர் பேரிங்கைத் தின்றுவிடும். டிப்பரானால், ஹைட்ராலிக் பம்பைச் சுழற்றும் பி.டி.ஓ. எனப்படும் பக்கவழி இணைப்புக்குப் பெட்டியின் விலாவில் வாய் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும்.

இவ்வளவும் சாத்தியமாவதற்குக் காரணம் லாரியின் அமைப்பே. என்ஜின், பெட்டி, பின்னச்சு ஆகிய மூன்றும் தனித்தனி. நடுவில் நீளமான தண்டு. மேலைநாடுகளில் பழைய விளையாட்டுக் கார்களைப் பேணுவோருக்கு இந்த வசதி இல்லை. ஓட்டுநருக்குப் பின்னும் பின்னச்சுக்கு முன்னும் என்ஜின் அமைந்த நடு என்ஜின் கார்களில் பெட்டியும் பின்னச்சுப் பற்களும் ஒரே கூட்டுக்குள் அடங்குகின்றன. ஒன்றைத் தேர்ந்தால் மற்றதையும் தேர்ந்ததாகிவிடும். 1966இல் வந்த லோட்டஸ் யூரோப்பா, முன்சக்கரம் ஓட்டும் ரெனோ 16 காரின் என்ஜினையும் பெட்டியையும் திருப்பிப் பின்னால் வைத்துக்கொண்டது. அப்படியே வைத்திருந்தால் முன்னோக்கிய கியர்களில் எல்லாம் கார் பின்னோக்கி ஓடியிருக்கும் என்பதால், கிரவுன் சக்கரத்தைப் பினியனின் மறுபக்கத்துக்கு மாற்றிப் பூட்டினார்கள். 1969 முதல் 1976 வரை உருவான போர்ஷே 914இல் பெட்டி காரின் வால்பகுதியில் இருப்பதால், கியர்த்தடியிலிருந்து நெடுந்தொலைவு செல்லும் கம்பி இணைப்பின் தளர்ச்சியும் தேர்வின் ஒரு பகுதியாகிறது. நாமக்கல் மேஸ்திரிக்கு ஹவுசிங்கைத் தனியே தேடும் உரிமை இருப்பது பெரிய கொடுப்பினை.

இனி, எந்தப் பாதையில் ஓடும் வண்டி என்ற கேள்வி. சமவெளியில் முட்டை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும், பெங்களூரிலிருந்து தருமபுரி வழியே தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் வரும் வண்டிக்கும் ஒரே பெட்டி உகந்ததன்று. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி இறங்குவது அந்தச் சரிவின் விபத்துகளுக்கு நன்கறியப்பட்ட காரணம். நியூட்ரலில் என்ஜினின் பிடி அறவே இல்லை. ஓவர்டிரைவிலும் அது மெலிந்தே இருக்கும். சுமை முழுவதும் பிரேக் டிரம்மின் மேல் விழுந்து அது சூடேறிப் பிடி இழக்கிறது. ஆறாவது கியரைக் கேட்டு வருபவரிடம் இறக்கத்தில் அதைத் தொடாதே என்று சொல்லி அனுப்பும் மேஸ்திரியே தம் வேலையை முழுதாகச் செய்தவர்.

2018 ஜூலையில் அச்சுச் சுமை வரம்பு உயர்த்தப்பட்டு, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னானது. சட்டம் எடையைக் கூட்டினாலும் பழைய பற்களின் வலுவைக் கூட்டவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதிகள் வந்த பின் உருவான வண்டிகளில், என்ஜினின் சுழற்சியையும் வண்டியின் வேகத்தையும் சென்சார்கள் வழியே ஒப்பிட்டுப் பார்க்கும் மின்னணுக் கட்டுப்பாடு இருப்பதால், விகிதம் மாறிய பெட்டியை அது பிழையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். லேப்டாப் இணைத்து அதைத் திருத்துவது கம்பெனி சர்வீசின் கையில் இருப்பதால், புதிய வண்டிகளுக்குப் பெட்டி மாற்றும் வேலையை ஏற்கப் பல மேஸ்திரிகள் தயங்குகிறார்கள். அதே பெட்டியைப் பிரித்துப் பேரிங் மாற்றிப் பூட்டித் தருவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தேர்வு தேவைப்படுவன பெரும்பாலும் பி.எஸ். 6க்கு முந்தைய வண்டிகளே.