படத்துக்குள் வந்து நின்றவருக்கு

மதிப்பிற்குரிய புஷ்பமாலா அவர்களுக்கு,

நாம் நேரில் பேசியதில்லை. உங்கள் படங்களை விடாமல் பார்த்துவரும் ஒருத்தி நான். உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை நாலு பேர் படிக்கும்படி சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

2000 முதல் 2004 வரை புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா' என்ற புகைப்படத் தொடரைச் செய்தீர்கள். பழைய படங்களில் இருக்கும் பெண்களாக நீங்களே வேடம் கட்டி நின்ற தொடர் அது. அந்தத் தலைப்பைப் பார்த்ததுமே எனக்கு எட்கர் தர்ஸ்டன் நினைவுக்கு வந்தார். எழும்பூர் அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்தபடி மூக்கையும் மண்டையையும் அளந்து, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டவர். அந்தக் காலத்து ஆய்வுப் படங்கள் சிலவற்றில், கட்டம் போட்ட படுதாவின் முன்னால் ஒரு பெண்ணை நிறுத்தியிருப்பார்கள். உடம்பின் அளவைக் கணக்கிடத்தான் அந்தக் கட்டம். அவள் பெயர் பெரும்பாலும் இருக்காது, இனத்தின் பெயர் இருக்கும். 'தோடா' என்ற படத்தில் நீங்களே அப்படிப்பட்ட கட்டத்தின் முன்னால் போய் நின்றீர்கள்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியும். பெங்களூர்க்காரர், பரோடாவில் சிற்பம் படித்தவர், பிடிக்காவிட்டால் அந்தப் படுதாவை விட்டு விலகிப் போய்விடக்கூடியவர் என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிவதால்தான், விலகிப் போக வழியில்லாமல் நின்ற அந்த இன்னொருத்தியின் நினைப்பு வருகிறது. பழைய படங்களை மட்டும் பார்த்தபோது எனக்கு அது வந்ததில்லை. அவளை ஒரு மாதிரியாகத்தான் நானும் பார்த்திருந்தேன்.

படித்த, வசதியுள்ள ஒரு கலைஞர் பழங்குடிப் பெண்ணின் வேடத்தைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அந்தப் படத்தின் முன்னால் எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் நீங்கள் அந்த உறுத்தலைப் பூசி மெழுகவில்லை. வேடம் கட்டிப் படம் எடுக்கும் வேலை எப்படி நடந்தது என்று காட்டும் படங்களையே தொடரின் ஒரு பகுதியாக வைத்துவிட்டீர்கள். கிளேர் ஆர்னியும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றுவிடாமல் முன்னால் வந்தார். கறுப்பு, வெள்ளை, படம் எடுப்பவர், எடுக்கப்படுபவர் என்று எந்த இடத்தையும் யாருக்கும் நிரந்தரமாக எழுதிவைக்கவில்லை.

ரவி வர்மாவின் லட்சுமியைப் பலசரக்குக் கடைக் காலண்டரில் பார்த்து வளர்ந்தவள் நான். தாமரை மேல் நிற்பாள், பக்கத்தில் யானை. அந்த லட்சுமிக்காக ஒரு பெண் கால் வலிக்க நின்றிருக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. உங்கள் முகம் அங்கே வந்த பிறகுதான் தோன்றியது. அதே முகம் அடுத்த படத்தில் வேளாங்கண்ணி மாதா. இன்னொன்றில், பிடிபட்டுப் பத்திரிகையில் படமாக வந்த குற்றவாளிப் பெண். வேறொன்றில், 1970களின் தமிழ்ப் பட ஸ்டில் ஒன்றிலிருந்து, சாட்டையோடு ஜெயலலிதா. நீங்கள் அந்தத் தொடரில் இறங்கியிருந்த ஆண்டுகளில்தான் அவர் மறுபடி முதலமைச்சரானார்! கும்பிடும் படம், கைதான படம், ரசிகர்கள் வெட்டி ஒட்டிவைக்கும் படம் என்று ஒவ்வொன்றுக்கும் நாங்கள் தனித்தனிக் கண் வைத்திருந்தோம். எல்லாவற்றிலும் ஒரே முகம் வந்து நின்றதும் அந்தக் கண்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அமெரிக்கக் கலைஞர் சிண்டி ஷெர்மனை இழுக்காமல் விடுவதில்லை. 1977 முதல் 1980 வரை தன்னையே நடிகையாக்கி அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அவை எந்தச் சினிமாவின் ஸ்டில்லும் அல்ல. எங்கோ பார்த்தது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். 'நேட்டிவ் விமன்' வேடங்களுக்கோ கைகாட்டக்கூடிய மூலம் உண்டு. பார்க்கிறவள் வீட்டுக்குப் போய் அந்த மூலத்தையும் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படித் தேடித்தான் நான் பாதி வரலாறு படித்தேன்.

அதற்கும் முன்னால், 1996–98இல், பழைய இந்திப் படங்களின் சாகச நாயகி நாடியாவை நினைவூட்டும் முகமூடியோடு பம்பாய் இரவுகளில் நீங்கள் அலைந்த 'ஃபேன்டம் லேடி'யை மறந்துவிடவில்லை. பிரிந்துபோன இரட்டைச் சகோதரிகள், இரண்டு பேரும் நீங்களே. இரட்டை வேடப் படங்கள் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு 2014இல் வாஸ்கோ ட காமாவாகவே வந்து நின்றீர்கள். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் தர்பாரில் அவர் நிற்பதாக வெலோசோ சல்காடோ 1898இல் தீட்டிய ஓவியம் அதற்கு மூலம். பெண்களுக்கு ஒதுக்கிய கோலங்களையெல்லாம் போட்டுக் காட்டிய உடம்பு, கப்பலில் வந்து இறங்கியவனின் கோலத்தையும் எடுத்துக்கொண்டது. எனக்கு ஆகப் பிடித்தது அதுதான்.

சென்னைக்காரியாக இன்னொரு நன்றியும் சொல்ல வேண்டும். 2019இல் சென்னை போட்டோ பியனாலேயின் கலை இயக்குநராக இருந்து, செனட் ஹவுஸ் மாதிரியான கட்டடத்துக்குள் போய்ப் புகைப்படம் பார்க்க எங்களுக்கு வழி செய்தீர்கள்.

கடைசியாக, என் அக்காவுக்காக. அவளுக்குக் கலைக்கூடம் பழக்கமில்லை. உங்கள் படங்களை நான்தான் காட்டினேன். தீட்டிய படுதாவைப் பார்த்ததும், "இது நம்ம ஊரு ஸ்டூடியோ மாதிரியே இருக்கேடி" என்றாள். எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துவந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப எடுத்தது. மாடிப்படி தீட்டிய ஸ்கிரீன், ஓரத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி, லேசாகக் குனிந்த தலை. எங்கள் வீட்டில் எல்லாரும் அதை 'என்ன அடக்கம் பாரு' என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

"இந்தச் சங்கிலி எதிர்வீட்டு மாமியோடது. கழுத்தெல்லாம் கனம். போட்டோக்காரர் 'கொஞ்சம் வெட்கப்படும்மா, வெட்கப்படும்மா'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். எனக்கு அப்ப மேல படிக்கணும்னு ஆசை. ஆத்திரமா வந்துச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்."

அன்று வெகுநேரம் பேசினாள். அந்தப் பேச்சை இத்தனை வருஷத்தில் எங்களில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. அதற்காகவும் உங்களுக்கு என் நன்றி.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு ரசிகை