கொக்லிக்கோவும் பிரமதண்டும்

பள்ளியில் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் எங்களுக்கு அறிமுகமான பூக்களில் ஒன்று கொக்லிக்கோ. பிரான்சு நாட்டுக் கோதுமை வயல்களில் தானாக முளைக்கும் சிவப்புப் பூ. புதுச்சேரியில் அதை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவதோடு சரி.

அதே குடும்பத்துச் செடி ஒன்று நம் ஊரிலேயே மண்டிக் கிடக்கிறது. பிரமதண்டு என்போம், குடியோட்டிப் பூண்டு என்றும் பெயர். கசகசாச் செடியும் இந்தக் குடும்பம்தான். சங்கராபரணி ஆற்றங்கரை, ரயில் பாதை ஓரம், குப்பைமேடு, வீடு இடித்த மனை என்று மண் கிளறிக் கிடக்கும் இடமெல்லாம் முளைக்கும். இலையெல்லாம் முள், அதில் வெள்ளைக் கோடுகள், காகிதம் போல மெல்லிய மஞ்சள் பூ. ஒடித்தால் மஞ்சள் பால் வடியும். பூர்வீகம் மெக்சிகோ பக்கம். 1753-ல் லின்னேயஸ் வைத்த தாவரப் பெயரிலேயே அந்த நாடு இருக்கிறது.

ஆனால் பூவைப் பார்த்து ரசித்துவிட்டுப் போக முடியாத செடி இது. இதன் விதை பார்வைக்குக் கறுப்புக் கடுகு போலவே இருக்கும். வடநாட்டில் கடுகு வயலிலேயே இதுவும் வளர்ந்து, ஏறக்குறைய அதே சமயத்தில் முற்றும். இதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்துவிட்டால் சாப்பிட்டவருக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் பழுதாகும். 1998 ஆகஸ்டில் டெல்லியில் அப்படித்தான் நடந்தது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அப்போது என் தங்கை குடும்பம் டெல்லியில் இருந்தது. பேப்பரில் செய்தியைப் பார்த்ததும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். "நம்ம வீட்ல நல்லெண்ணெய்தாண்ணா, பயப்படாதீங்க. கீழ் வீட்டம்மாதான் ரெண்டு காலும் வீங்கி ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்றாள். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆனால் சாயந்திரம் மாடியேறி வந்து என் தங்கையோடு பேசிக்கொண்டிருப்பது அதோடு நின்றுபோனது.

சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைத்துத்தான் விற்க வேண்டும் என்ற ஆணை அந்த ஆண்டே வந்தது. அரசு ஆணைகளைக் கோப்பில் கட்டியே வேலைக்காலத்தைக் கழித்தவன் என்பதால் சொல்கிறேன்: ஆணை கோப்பில் இருந்தால் மட்டும் போதாது. மலிவு என்று லேபிள் இல்லாத எண்ணெயை வாங்காதீர்கள். பேரப்பிள்ளைகளோடு நடக்கப் போகும்போது பிரமதண்டைக் காட்டுங்கள். பூவைப் பார்க்கட்டும்; விதையை வாயில் வைக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.