பாசிமணி, பித்தளைத் தகடு, ஒரு ஸ்டீல்ஹெட்

போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அமெரிக்காவுல கம்மல் கடை வச்சிட்டீங்களா?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது கம்மல் இல்லை. மீனுக்குப் போடுகிற பொய்யிரை. ஸ்பின்னர் என்பார்கள். நானே செய்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மகள் வீடு வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே இருக்கிறது. நவம்பர் பிறந்தால் இங்கே மழைதான். நம் ஊர் மழைபோல் அடித்துவிட்டுப் போகாது, நாள் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு, பேத்தி பள்ளிக்கு. 34 வருஷம் ஒன்றாம் வகுப்புச் சத்தத்திலேயே வாழ்ந்தவளுக்கு அந்த அமைதி காதை அடைத்தது.

பக்கத்து வீட்டில் 78 வயதில் ஒரு அம்மா. விமானத் தொழிற்சாலையில் வயரிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே வயதில் பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. 'அக்கா' என்றேன். பொருளைச் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போனது. அவருக்கு நான் 'டீச்சர்'.

ஒருநாள் அக்கா வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஒரு கம்பியில் மணி கோக்கப் பார்த்தார். கை நடுங்கி மணி மூன்று தடவை கீழே விழுந்தது. நான் எடுத்துக் கோத்துக் கொடுத்தேன். ஆசிரியர் பயிற்சியில் கைவேலை வகுப்புக்கு எத்தனை பாசிமணி கோத்திருப்போம்! அது கைக்கு மறக்குமா? அக்கா என் விரல்களையே பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு தகரப்பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே பித்தளைத் தகடுகள், மணிகள், கம்பிகள், தூண்டில் முட்கள்.

ஐம்பது வருஷமாக ஸ்டீல்ஹெட் பிடிக்கிறவராம். கை நடுக்கம் வந்து இரண்டு குளிர்காலமாக ஆற்றுப்பக்கமே போகவில்லை. "கடையில் வாங்கிப் போடலாமே அக்கா?" என்றேன். "நான் செய்யாத இரையில் மீன் பிடித்து எனக்குப் பழக்கமில்லை" என்றார். "சரி, நீங்கள் சொல்லுங்கள், நான் செய்கிறேன்" என்றேன்.

ஸ்டீல்ஹெட் நமக்கு ரொம்ப அந்நியமில்லை. நீலகிரி அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட ரெயின்போ ட்ரௌட்டும் இதுவும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் ட்ரௌட். கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பினால் ஸ்டீல்ஹெட். சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்து மறுபடி கடலுக்குப் போகும். 1969 முதல் இந்த மாநிலத்தின் மீன் இதுதான்.

இப்போது செய்முறை. துருப்பிடிக்காத மெல்லிய எஃகுக் கம்பி ஒரு சாண். உருண்டை மூக்குக் குறடால் ஒரு முனையை வளைத்து வளையமாக்கி அதில் தூண்டில் முள்ளை மாட்ட வேண்டும். அதன் மேல் கனத்துக்குப் பித்தளை மணிகள். அதற்கும் மேல் ஒரு சின்ன மணி. அப்புறம் கிளெவிஸ் என்ற குட்டிக் குதிரைலாடம், அதில் தொங்கும் தகடு. தகட்டின் குழிந்த பக்கம் கம்பியைப் பார்க்க வேண்டும். கடைசியில் மேல் முனையிலும் ஒரு வளையம். அந்தச் சின்ன மணி எதற்கு என்றேன். "எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்" என்றார் அக்கா. எடுத்தால் தகடு முட்டிக்கொண்டு சுற்றவே இல்லை. செய்து கற்றல் என்று நாம் பயிற்சியில் பாடமாகப் படித்ததை அவர் இரண்டே சொல்லில் முடித்துவிட்டார்.

தண்ணீரைப் பார்த்துத்தான் தகடு. தெளிந்த தண்ணீருக்குச் சின்னது, மங்கலான நிறம். மழை பெய்து கலங்கியிருந்தால் பெரியது, வெள்ளிப் பளபளப்பு. ஆற்றில் போட்டால் பாறை இடுக்கில் நாளைக்கு மூன்று நான்கு போய்விடும். அதனால் ஒரு மாதத்தில் அறுபது செய்தேன். பள்ளி விட்டு வந்ததும் பேத்தி நிறம் பிரித்துக் கொடுப்பாள். "சிவப்பு பன்னெண்டு, பச்சை எட்டு" என்று அவள் தமிழில் எண்ணியதே எனக்குப் பெரிய வரவு.

நான் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள். அண்ணன்மார் மயிலிறகுத் தண்டில் தக்கை செய்து கெண்டையும் கெளுத்தியும் பிடிப்பார்கள். பெண்பிள்ளைகள் மண்புழு தோண்டிக் கொடுப்பதோடு சரி, தூண்டிலைத் தொட விடமாட்டார்கள். 66 வயதில், லைசென்ஸ் எடுத்து, மழைச்சட்டை போட்டு, ஸ்னோகுவால்மி ஆற்றங்கரையில் கம்பைப் பிடித்தேன். மேலே 268 அடி அருவி. அதைத் தாண்டி எந்த மீனும் ஏற முடியாது. கடலிலிருந்து வருகிற மீனுக்கு அதுதான் எல்லை.

வீசுவதை விட எங்கே வீசுவது என்பதுதான் படிப்பு. மனிதன் நடக்கிற வேகத்தில் ஓடுகிற, ஆள் மட்டத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ ஆழமுள்ள தண்ணீரில்தான் இந்த மீன் நிற்கும். வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசுகிற கோட்டைத் தேட வேண்டும். ஆற்றுக்குக் குறுக்கே வீசி, மூழ்க விட்டு, தங்கூசியை இறுக்கமாக வைத்து, ஓட்டமே ஸ்பின்னரை வளைத்து இழுத்துவரும்படி விட வேண்டும். தகடு நிற்காமல் சுற்றும் அளவுக்குத்தான் ரீலைச் சுற்றணும், அதற்கு மேல் ஒரு சுற்றும் கூடாது. தகடு சுற்றுகிற அதிர்வு விரலுக்கு, நாடி பிடித்த மாதிரி, துடித்துக்கொண்டே வரும். ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று இங்கே சொல்வார்கள்.

மாப்பிள்ளை சனிக்கிழமைதோறும் கூட்டிப்போனார். ஆறு சனிக்கிழமை ஒன்றும் இல்லை. ஏழாவது தடவை, ஜனவரி நடுவில், அக்காவின் கம்பு வளைந்தது. கம்பைப் பிடித்திருக்கும்போது அவர் கையில் நடுக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. பத்து நிமிஷம் ஓட விட்டு, கரையோரம் கொண்டுவந்துவிட்டார். ஆனால் முள்ளைக் கழற்ற அவரால் ஆகாது. "டீச்சர், நீ இறங்கு" என்றார்.

முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டேன். பனிக்கட்டித் தண்ணீர். இரண்டரை அடி நீளம், புதுப் பாத்திரம் போன்ற வெள்ளி. "வாலுக்கு முன்னால் முதுகில் சின்னத் துடுப்பு இருக்கிறதா பார்" என்று சத்தம் போட்டார். இருந்தது. பண்ணையில் பொரித்து விடுகிற குஞ்சுகளுக்கு அந்தத் துடுப்பை வெட்டி அனுப்புவார்கள். வெட்டியிருந்தால் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். முழுசாக இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்தது. தண்ணீரை விட்டுத் தூக்கக்கூடாது, விட்டுவிட வேண்டும். இந்தப் பக்கத்து ஸ்டீல்ஹெட் 2007 முதல் அழியும் ஆபத்துள்ள மீன்கள் பட்டியலில் இருக்கிறது. முள்ளின் கொக்கியை முன்பே நசுக்கி வைத்திருந்ததால் ஒரே திருப்பில் கழன்றது. தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்தேன். இரண்டு மூன்று தரம் செவுள் அசைந்தது, ஒரு உதறல், போய்விட்டது.

வீட்டில் மகள் மசாலா அரைத்து வைத்திருந்தாள். "மீன் எங்கேம்மா?" "ஊருக்குப் போயிடுச்சு" என்றேன். அன்று மசாலா உருளைக்கிழங்குக்குப் போனது.

பிடித்த மீனை விடுவது எங்கள் கரையில் கேட்டால் சிரிப்பார்கள். பசிக்குப் பிடிப்பவனுக்கு அது சரிப்படாது, நியாயமும் இல்லை. ஆனால் எங்களுக்குப் பசி இல்லை. அக்காவுக்கு ஆறு வேண்டும், எனக்கு ஒரு வேலை வேண்டும், மீனுக்குப் பிறந்த இடம் வேண்டும். அன்று மூவருக்கும் கிடைத்தது.

மார்ச்சில் ஊர் திரும்புகிறேன். அடுத்த குளிர்காலத்துக்கென்று நாற்பது ஸ்பின்னர் செய்து அக்காவின் தகரப்பெட்டியில் போட்டிருக்கிறேன். தீர்ந்தால் செய்துகொடுக்கப் பேத்தி இருக்கிறாள். வளையம் திருகுவது வரை கற்றுக்கொண்டுவிட்டாள், கொஞ்சம் கோணல்தான், ஆனால் தகடு சுற்றுகிறது.

ஓய்வு பெற்ற ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று. ஒன்றுமே தெரியாத ஒரு வகுப்பில் போய் ஒருநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். நம் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்பது புரியும்.

உங்கள் ஊரில் தூண்டில் தக்கையை எதில் செய்வார்கள்? அதற்கு என்ன பெயர்? கீழே எழுதுங்கள். அக்காவிடம் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும்.