அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. எல்லோரும் பத்திரமாக இருங்கள். இன்று ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் உங்களுக்கு நீர் மாசு பாடம் நடத்தும்போது, ஜன்னல் வழியே தெரியும் புகைபோக்கியைக் காட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா? அது பொய்யில்லை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் படிந்ததை நீங்களே பார்த்தீர்கள். ஆனாலும் நான் நடத்தியது பாதிப் பாடம்தான்.

ஒரு வருடம், குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், ஆத்துத் தண்ணி எங்கேர்ந்து வருது?" என்று கேட்டான். "பூண்டியிலிருந்து" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். பூண்டிக்கும் எண்ணூருக்கும் நடுவில் வயல்கள் இருப்பதைச் சொல்லவில்லை. அதில் எங்கள் குடும்ப வயலும் உண்டு.

மீஞ்சூர் பக்கம் இருக்கும் அந்த நிலத்தைச் சித்தப்பா மகன் பயிரிடுகிறான். என் பங்குக்கு வருடா வருடம் நெல் வரும். ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஐப்பசியில் அங்கே போயிருந்தேன். வானம் கறுத்திருந்தது. ஆட்கள் யூரியா வீசிக்கொண்டிருந்தார்கள்.

"மழை வருதேப்பா, ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா?" என்றேன்.

"நாளைக்கு ஆள் கிடைக்காதுக்கா" என்றான்.

ராத்திரி கொட்டித் தீர்த்தது. பயிர் மூழ்கிவிடும் என்று காலையில் வரப்பை வெட்டிவிட்டான். போட்ட உரம் கரைந்து வாய்க்காலுக்குப் போனது. குடையோடு நின்ற எனக்கு அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 21 கிலோ தழைச்சத்து. நெல் பெரும்பாலும் அதில் பாதியைக்கூட எடுப்பதில்லை. மீதியில் கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் நிலத்தடி நீரில் இறங்கும், கொஞ்சம் ஆற்றுக்கு ஓடும். அதைத் தின்று பாசியும் ஆகாயத்தாமரையும் செழிக்கும். அவை அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகும். பூச்சிமருந்து அடித்த கையோடு மழை பெய்தாலும் இதே வழிதான்.

அடுத்த போகத்தில் தம்பியிடம் இலை வண்ண அட்டையைக் கொடுத்தேன். காலை வேளையில் பத்து இலையை அதன் பச்சையோடு ஒப்பிட்டு, ஆறு இலையோ அதற்கு மேலோ வெளிறியிருந்தால் மட்டும் உரம் போட வேண்டும்.

"மகசூல் குறைஞ்சா நீ குடுப்பியாக்கா?" என்றான்.

"என் பங்கில் கழிச்சுக்கோ" என்றேன்.

கழிக்க வேண்டி வரவில்லை. யூரியாவும் மிச்சம். இப்போது மழை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் ஆளுக்குச் சொல்கிறான். வரப்பை உயர்த்தி, உரம் போட்ட சில நாட்களுக்கு மடையைத் திறப்பதில்லை. வாய்க்கால் ஓரம் வெட்டிவேர் வைத்திருக்கிறான். பெருமழை வந்தால் இன்றும் வரப்பை வெட்டத்தான் வேண்டும். ஆனால் முந்தின நாள் போட்ட உரம் அதோடு போவதில்லை.

நிலம் வைத்திருக்கும் பிள்ளைகளே, இந்த மழைக்கு முன் உரம் போடாதீர்கள்.

அன்று கேள்வி கேட்ட தம்பி, நீ இதைப் படித்தால் உனக்கான பதில் இது: ஆறு பூண்டியிலிருந்து, எங்கள் வயல் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டுதான் உன் வீட்டுக்கு வருகிறது. சரியான கேள்வி கேட்டாய். டீச்சர்தான் தாமதம்.