விழுந்த பலாவும் எட்டுப் பலகையும்

புயலில் மரம் விழுந்தால் விறகு என்பதுதான் நம் பக்கத்துக் கணக்கு. பாகூரோ, கிருமாம்பாக்கமோ, எங்கள் சோரியாங்குப்பமோ, விழுந்த மூன்றாம் நாள் டிராக்டரோடு விறகு வியாபாரி வந்து நிற்பார். துண்டு போடுவார், எடை போடுவார், காசை எண்ணி வைப்பார். நாற்பது வருஷம் வளர்ந்த மரம் அரை நாளில் சூளைக்குக் கிளம்பிவிடும். அப்படிப் போகாமல் தங்கிய ஒரு பலாமரத்தின் கதை இது. கொல்லையில் மரம் வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் உதவும் என்று எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கத்தில் பலாத் தோப்பும் முந்திரித் தோப்பும் படுத்துவிட்டன. தென்பெண்ணைக்கு இக்கரையில் எங்கள் ஊரிலும் தப்பிய கூரை குறைவு. என் தம்பி வீட்டுக் கூரை பறந்துவிட்டது. கதவு நிலையோடு பெயர்ந்து கிடந்தது. பங்கு பிரிக்காத கொல்லையில், அம்மா பண்ருட்டிப் பழத்தின் கொட்டையைப் போட்டு வளர்த்த பலா வேரோடு சாய்ந்திருந்தது.

"வித்துடலாம்ணே. மரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தா கூரை வந்துடுமா?" என்றான் தம்பி. அவன் சொன்னதில் தப்பே இல்லை. குழந்தைகளோடு அவன் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தான். அவனுக்கு அன்றைக்கே காசு வேண்டும்.

"கிளை முழுக்க நீயே வித்துக்கோ. அந்தக் காசுல எனக்குப் பங்கு வேணாம். அடிமரத்தை மட்டும் விட்டுடு, உன் வீட்டுக்கே கதவாகும்" என்றேன். அரை மனசாகத் தலையாட்டினான்.

அடிமரம் 9 அடி நீளம், நடுவில் சுற்றளவு 60 அங்குலம். மரக்கடைக் கணக்கில் சுற்றளவில் கால் பங்கு 15. பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் 14 கன அடி. உருண்டை மரத்தின் உண்மையான கன அளவில் இது முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். மீதி, அறுப்பில் போகும் கழிவுக்கு என்று அந்தக் காலத்திலேயே விட்ட கணக்கு. பச்சை மரம், எடை 400 கிலோவுக்குக் குறையாது. எங்கள் சந்தில் மாட்டு வண்டியே ஒதுங்கித்தான் வரும். லாரியும் கிரேனும் எப்படி வரும்? அறுவை மில்லுக்குக் கொண்டுபோகும் பேச்சு அதோடு முடிந்தது.

என் சின்ன வயதில் மரம் மில்லுக்குப் போனதில்லை. ரம்பம்தான் மரத்தைத் தேடி வந்தது. அறுப்புக்காரர்கள் இரண்டு பேர் வருவார்கள். மரத்தை உயரத்தில் ஏற்றிக் கட்டி, கரிநூல் அடித்துக் கோடு போட்டு, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் கீழே நின்றும் பெரிய ரம்பத்தை இழுப்பார்கள். கீழே நிற்பவர் தலையெல்லாம் மரத்தூள். அந்த ஆட்கள் போனபின் அந்த வழியும் போயிற்று என்று நினைத்திருந்தேன். சாலையில் விழுந்த மரங்களை வெட்ட வந்த ஒரு வாலிபர், "ஐயா, எங்கிட்ட ஒரு சட்டம் இருக்கு. செயின் சாவுல மாட்டி இங்கேயே பலகை போட்டுடலாம்" என்றார்.

அந்தச் சட்டம் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. செயின் சாவின் நீளக் கத்தியை இரு முனையிலும் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டம். பலகை எத்தனை கனம் வேண்டுமோ அந்த உயரத்துக்கு அதை முடுக்கிக்கொள்ளலாம். உருண்டை மரத்தில் சட்டம் உட்காராது. அதனால் முதல் அறுப்புக்கு மட்டும் நேரான ஒரு ஏணியை மரத்தின்மேல் ஆணியடித்து நிறுத்தி, அதன்மேல் சட்டத்தைத் தள்ளினார். மேல்தோல் கழன்றதும் தட்டையான முகம் கிடைத்தது. அதற்குப்பின் ஒவ்வொரு அறுப்புக்கும் முந்தின அறுப்பின் முகமே பாதை.

சங்கிலியும் வேறு. குறுக்கே வெட்டும் சங்கிலியின் பல் 30 டிகிரி சாய்வாகத் தீட்டியிருக்கும். மரத்தின் போக்கில் நீளமாக அறுக்க 10 டிகிரி போதும். பலாப்பால் ஒட்டிக்கொண்டே இருந்ததால் அடிக்கடி நிறுத்தித் துடைத்தார், அரம் போட்டார். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை நாலுக்கு முடிந்தது. ஒன்றரை அங்குலத்தில் எட்டுப் பலகை. உள்ளே வைரம் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. பர்மாவிலும் இலங்கையிலும் பிக்குகளின் துவராடைக்குப் பலாக் கட்டையிலிருந்துதான் சாயம் எடுத்தார்கள். தஞ்சாவூர் வீணைக்கும் இதே மரம்தான்.

இதில் நஷ்டமும் உண்டு. செயின் சா ஒரு முறை ஓடினால் முக்கால் விரல் கனத்துக்கு மரம் தூளாகிவிடும். மில்லின் பட்டை ரம்பத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். அங்கே போயிருந்தால் ஒன்பது பலகை கிடைத்திருக்கும். ஆனால் போகவே முடியாத மில்லின் ஒன்பதைவிடக் கொல்லையில் கிடைத்த எட்டு பெரிது.

பச்சைப் பலகையில் கதவு செய்தால் முறுக்கிக்கொள்ளும். தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, பலகைக்குப் பலகை ரீப்பர் கொடுத்து, ரீப்பர்களெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று நேராக வரும்படி நிழலில் அடுக்கினோம். முனைகள் வெடிக்காமலிருக்க பெயிண்ட் பூசி, மேலே கருங்கல்லை ஏற்றினோம். கிளை விற்ற காசில் தம்பி கூரை போட்டுக்கொண்டான். வாசலுக்கு எட்டு மாதம் தகரம்தான். "உங்க கதவு எப்பண்ணே வரும்?" என்று அவன் மனைவி கேட்காத வாரமில்லை. புரட்டாசியில் ஆசாரி வந்து வெளிறை நீக்கி இழைத்தார். ஐப்பசி அடைமழைக்கு முன் கதவும் நிலையும் நின்றன. மிச்சத்தில் ஒரு பெஞ்சும் ஆயிற்று.

2024-இல் ஃபெஞ்சல் வந்தபோதும் பழைய கணக்கிலேயே மரங்கள் விறகாகப் போவதைப் பார்த்தேன். அதனால் சில வார்த்தைகள். அடிமரத்தைத் துண்டு போட விடாதீர்கள். கதவு உயரத்துக்கு ஏழடியாவது முழுசாக இருக்கட்டும். கொட்டகைக்கு, கொடிக்கயிற்றுக்கு என்று அடித்த பழைய ஆணிகளைத் தேடிப் பிடுங்குங்கள். ஒரு ஆணி போதும், சங்கிலி போய்விடும். வேரோடு சாய்ந்த மரத்தை அறுத்ததும் வேர்க்கட்டை திடீரென்று நிமிர்ந்து பழையபடி குழியில் உட்காரும். அந்தப் பக்கம் குழந்தைகளை அண்ட விடாதீர்கள். பலா, வேம்பு, பூவரசு மூன்றும் பலகைக்கு ஆகும். வியாபாரி வந்தால் ஒரு நாள் தவணை சொல்லிவிட்டு, முதலில் நூலை எடுத்துச் சுற்றளவைப் பாருங்கள்.